'வேப்பரைஸ்' ஆனது என்று செய்தி சொன்னால்: ஆவியாதலின் பொருளும் அதன் வெப்பக் கணக்கும்

விண்கல் வளிமண்டலத்தில் நுழைந்து 'வேப்பரைஸ்' ஆனது என்கிறது ஒரு செய்தி. அணுகுண்டு விழுந்த இடத்தில் நின்றவர்கள் 'வேப்பரைஸ்' ஆனார்கள் என்கிறது இன்னொன்று. அறுவை அரங்கில் மயக்க மருந்தைத் தரும் கருவிக்குப் பெயர் 'வேப்பரைசர்'. மின் சிகரெட்டில் இருந்து வருவதும் 'வேப்பர்'தான். தமிழில் இவை எல்லாவற்றையும் 'ஆவியானது', 'ஆவி' என்றே எழுதிவிடுகிறோம். தரையில் சிந்திய தண்ணீர் காய்வதும் எஃகுக் கோபுரம் ஒன்று காணாமல் போவதும் ஒரே நிகழ்வா என்று படிப்பவருக்குக் குழப்பம் வந்தால் அது நியாயமானதே.

இயற்பியலின் பார்வையில் இரண்டும் ஒரே குடும்பம். ஒரு பொருளின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடியை விட்டு வாயுவாகப் பிரிந்து போவதுதான் ஆவியாதல். அந்தப் பிடியை அறுக்க வெப்பம் வேண்டும். அது எவ்வளவு, எங்கிருந்து வந்தது என்று கேட்கப் பழகிவிட்டால், இந்தச் சொல் வரும் செய்திகளில் எது உண்மை, எது மிகை என்பதைப் பெரும்பாலும் நாமே பிரித்துவிடலாம்.

மூலக்கூறு எப்படித் தப்பிக்கிறது

ஒரு திரவத்தில் எல்லா மூலக்கூறுகளும் ஒரே வேகத்தில் அசைவதில்லை. வெப்பநிலை என்பது அவற்றின் சராசரி அசைவைத்தான் காட்டுகிறது. சராசரியைவிட மிக வேகமானவை சில எப்போதும் இருக்கும். அவை மேற்பரப்பில் இருந்தால், பக்கத்து மூலக்கூறுகளின் பிடியை மீறி வெளியே போய்விடும். அதனால்தான் தண்ணீர் 10 டிகிரியிலும் காய்கிறது, 40 டிகிரியிலும் காய்கிறது. 40 டிகிரியில் வேகமானவை அதிகம் என்பதால் சீக்கிரம் காய்கிறது.

வெளியே போனவற்றில் ஒரு பகுதி திரும்பி வந்து திரவத்தில் சேரும். மூடிய பாத்திரத்தில் ஒரு கட்டத்தில் போவதும் வருவதும் சமமாகிவிடும். அப்போது ஆவி கொடுக்கும் அழுத்தத்தைத்தான் அந்தத் திரவத்தின் 'ஆவி அழுத்தம்' என்கிறார்கள். தண்ணீருக்கு இது 20 டிகிரி செல்சியஸில் சுமார் 2.3 கிலோபாஸ்கல், 35 டிகிரியில் 5.6, 100 டிகிரியில் 101.3. கடைசி எண், கடல் மட்டத்தில் காற்று நம்மீது கொடுக்கும் அழுத்தம்தான். கொதித்தல் என்பதன் பொருளே இதில் இருக்கிறது: திரவத்தின் ஆவி அழுத்தம் வெளியழுத்தத்தை எட்டியதும் திரவத்தின் உள்ளேயே குமிழிகள் உருவாகத் தொடங்கும்.

ஆகவே ஒரு பொருள் மூன்று வழிகளில் ஆவியாகலாம்.

1. மேற்பரப்பில் இருந்து மட்டும், எந்த வெப்பநிலையிலும், சத்தமில்லாமல். ஆங்கிலத்தில் இது 'எவாப்பரேஷன்'.

2. திரவம் முழுவதிலும் குமிழியிட்டு, ஆவி அழுத்தமும் வெளியழுத்தமும் சமமாகும் வெப்பநிலையில். இது கொதித்தல்.

3. திரவமாகாமல் திண்மத்தில் இருந்து நேரடியாக. இது பதங்கமாதல். உலர் பனி எனப்படும் உறைந்த கார்பன் டை ஆக்சைடு சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 78.5 டிகிரியில் இப்படித்தான் மறைகிறது. அது திரவமாக வேண்டுமென்றால் காற்றழுத்தத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல் அழுத்தம் வேண்டும்.

'வேப்பரைஸ்' இந்த மூன்றையும் உள்ளடக்கிய பொதுச்சொல். ஒரு பொருள் தானாக ஆவியாவதையும் குறிக்கும், கருவி வைத்து அதை ஆவியாக்குவதையும் குறிக்கும். இவற்றுக்கு வெளியே, 'தடம் தெரியாமல் அழித்துவிடுவது' என்ற தளர்வான பொருளிலும் ஆங்கிலத்தில் புழங்குகிறது. அறிவியல் பொருளும் இந்தத் தளர்ந்த பொருளும் ஒரே செய்திக்குள் கலந்துவிடும்போதுதான் சிக்கல்.

கொதிப்பதற்குச் சூடு வேண்டுமா?

கொதிநிலை என்பது திரவத்துக்கு மட்டும் சொந்தமான எண் அன்று, வெளியழுத்தத்துக்கும் அதில் பங்கு உண்டு. எவரெஸ்ட் உச்சியில் தண்ணீர் சுமார் 70 டிகிரியிலேயே கொதித்துவிடும். இன்னும் மேலே, ஏறத்தாழ 19 கிலோமீட்டர் உயரத்தில், காற்றழுத்தம் 6.3 கிலோபாஸ்கலாகக் குறைகிறது. 37 டிகிரியில் தண்ணீரின் ஆவி அழுத்தமும் அதே அளவுதான். அதாவது நம் உடல் வெப்பத்திலேயே தண்ணீர் கொதிக்கும் உயரம் அது. அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஹாரி ஆம்ஸ்ட்ராங்கின் பெயரால் அதை ஆம்ஸ்ட்ராங் எல்லை என்கிறார்கள்.

1966 இல் நாசாவின் வெற்றிட அறையில் விண்வெளி உடையைச் சோதித்துக்கொண்டிருந்த ஒருவரின் உடையில் அழுத்தம் திடீரென்று போய்விட்டது. சில நொடிகளில் நினைவிழந்த அவர் உயிர் பிழைத்தார். நாக்கில் இருந்த எச்சில் கொதிக்கத் தொடங்கியதை உணர்ந்தேன், நினைவு தப்பும் முன் கடைசியாக நினைவில் நிற்பது அதுதான் என்று பின்னர் சொன்னார். அந்த எச்சில் சூடாகவில்லை. அழுத்தம் போனதே போதுமானதாக இருந்தது. 'ரத்தம் கொதித்துவிடும்' என்று இதைப் பெரிதாக்கி எழுதுவது மட்டும் சரியில்லை. ரத்தக்குழாயின் சுவர் உள்ளே தனக்கென்று ஓர் அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. திறந்த இடத்தில் இருக்கும் எச்சிலுக்கும் கண்ணீருக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை.

வெப்பக் கணக்கு

1760களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் என்ற அறிவியலாளர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். கொதிக்கும் தண்ணீருக்கு எவ்வளவு வெப்பம் கொடுத்தாலும் அதன் வெப்பநிலை ஏறுவதில்லை. கொடுத்த வெப்பம் எங்கே போகிறது? மூலக்கூறுகளின் பிடியை அறுக்கப் போகிறது. வெப்பமானியில் தெரியாமல் ஒளிந்துகொள்வதால் இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர்.

எண்களைப் பாருங்கள். ஒரு கிலோ தண்ணீரை 0 டிகிரியில் இருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க சுமார் 418 கிலோஜூல் போதும். 100 டிகிரியில் இருக்கும் அதே தண்ணீரை, வெப்பநிலை ஒரு டிகிரிகூட ஏறாமல், ஆவியாக்க மட்டும் 2,257 கிலோஜூல் வேண்டும். ஐந்து மடங்குக்கும் மேல்! கொதிக்கவைப்பது எளிது, முழுவதும் வற்றவைப்பதுதான் செலவு. ஆவியாதலைப் பற்றி நினைவில் வைக்க ஒரே ஒரு எண் வேண்டுமென்றால் இந்த ஐந்து மடங்கைச் சொல்வேன்.

திரவம் தானாகவே ஆவியாகும்போதும் இந்தக் கணக்கு தள்ளுபடி ஆவதில்லை. வெளியில் இருந்து யாரும் வெப்பம் கொடுக்கவில்லை என்றால், மிச்சமிருக்கும் திரவத்தில் இருந்தும் அது தொட்டிருக்கும் பொருளில் இருந்தும் எடுத்துக்கொள்ளும். வேகமான மூலக்கூறுகள் போய்விட, மெதுவானவை மிஞ்சுகின்றன, சராசரி இறங்குகிறது, திரவம் குளிர்கிறது.

மயக்க மருந்து தருபவர்களுக்கு இது அன்றாடப் பிரச்சினையாக இருந்தது. திரவ மருந்து ஆவியாக ஆகக் குளிரும். குளிர்ந்தால் ஆவி அழுத்தம் குறையும். அப்போது நோயாளிக்குப் போகும் அளவும் குறைந்துவிடும். 1950களில் அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் லூசியன் மோரிஸ் வடிவமைத்த வேப்பரைசர் செம்பால் ஆனது. செம்பு சுற்றுப்புற வெப்பத்தை விரைவாக உள்ளே கடத்தி, திரவம் குளிர்ந்துபோகாமல் பார்த்துக்கொண்டது. டெஸ்ஃபுளூரேன் என்ற மருந்தில் சிக்கல் வேறு விதம். அதன் கொதிநிலை சுமார் 23 டிகிரி. அறை கொஞ்சம் வெப்பமானாலே கொதித்துவிடும், அளவு கைமீறிப் போகும். அதனால் அதற்கென்று தனி வேப்பரைசர் செய்தார்கள். மருந்தை வேண்டுமென்றே 39 டிகிரிக்குச் சூடாக்கி, காற்றழுத்தத்தைப் போல இரு மடங்கு அழுத்தத்தில் வைத்து, வெளிவரும் ஆவியை அளந்து கலக்கிறது அந்தக் கருவி. இங்கே 'வேப்பரைஸ்' என்பது துல்லியமான பொருளில் நிற்கிறது.

வெள்ளையாகத் தெரிவது ஆவி அல்ல

நீராவி நிறமற்ற வாயு, கண்ணுக்குத் தெரியாது. கொதிக்கும் கெண்டியின் மூக்கை ஒட்டி ஒரு சிறு இடைவெளி வெறுமையாகத் தெரியும், அதற்கு அப்பால்தான் வெள்ளைப் புகை தொடங்கும். அந்த வெறுமையில் இருப்பதே ஆவி. வெள்ளையாகத் தெரிவது, குளிர்ந்து மீண்டும் திரவமாகிவிட்ட நுண்துளிகளின் கூட்டம். உயர் அழுத்த நீராவிக் குழாய்களோடு வேலை செய்கிறவர்களுக்கு இது உயிர் காக்கும் விஷயம். கசியும் இடத்துக்கு அருகில் ஆவி கண்ணுக்கே தெரியாமல் பீறிடும், சத்தம் மட்டும் கேட்கும்.

பெட்ரோலும் அப்படித்தான். அது தன்மேல் எரியக்கூடிய அளவு ஆவியைச் சேர்த்துவைக்க மைனஸ் 40 டிகிரி அளவிலான குளிரே போதும். டீசலுக்கு 50 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. மேலே எழாமல் தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். காற்றில் ஒன்றரை சதவீதம் இருந்தாலே ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். 'பெட்ரோல் எரிகிறது' என்கிறோமே, உண்மையில் எரிவது திரவத்தின் மேல் நிற்கும் இந்த ஆவி.

மின் சிகரெட்டில் நேர்மாறான குழப்பம். அதில் இருந்து வருவதை ஆவி என்று விற்கிறார்கள். ஆவி என்றதும் நீராவி நினைவுக்கு வருகிறது, நீராவிதானே, என்ன கெடுதல் என்று தோன்றுகிறது. ஆனால் அந்தத் திரவத்தின் பெரும்பகுதி புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும். முதலாவதன் கொதிநிலை 188 டிகிரி, இரண்டாவதற்கு 290. சூடான கம்பிச்சுருளின் அருகே ஆவியாகி, அடுத்த கணமே குளிர்ந்து நுண்துளிகளாகிவிடுகின்றன. நுரையீரலுக்குள் போவது பெரும்பாலும் அந்தத் துளிகளும் அவற்றில் கரைந்திருக்கும் நிக்கோட்டினும் மணப்பொருள்களும்தான். வல்லுநர்கள் இதை ஏரோசால் என்றே சொல்கிறார்கள், செய்தி எழுதுகிறவர்களும் அப்படியே எழுத வேண்டும் என்பது என் கருத்து. 2019 இல் அமெரிக்காவில் மின் சிகரெட் பயன்படுத்திய 2,800க்கும் மேற்பட்டவர்கள் நுரையீரல் பாதிப்போடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள் அல்லது இறந்தார்கள். பெரும்பாலும் கஞ்சாச் சத்து கலந்த திரவங்களில் சேர்க்கப்பட்டிருந்த வைட்டமின் ஈ அசிடேட் என்ற எண்ணெய்ப் பொருளோடு அதற்கு வலுவான தொடர்பு இருப்பது தெரியவந்தது.

கல்லும் உலோகமும்

உலோகமும் ஆவியாகும். பாதரசத்தின் கொதிநிலை 357 டிகிரி, ஆனாலும் அறை வெப்பத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டிருக்கும். உடைந்த வெப்பமானியில் இருந்து சிந்திய பாதரசம் ஆபத்தாவது அதனால்தான். பழைய குண்டு பல்புகளின் கண்ணாடி உள்ளே கறுத்துப்போவதும் டங்ஸ்டன் இழை ஆவியாகிக் கண்ணாடியில் படிவதால்தான். 1910களில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் இர்விங் லாங்மியூர், பல்புக்குள் வெற்றிடத்துக்குப் பதிலாக வினைபுரியாத வாயுவை நிரப்பி இந்த ஆவியாதலைக் குறைத்தார்.

சரி, விண்கல்? 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானில் சுமார் 20 மீட்டர் அளவுள்ள விண்கல் நொடிக்கு ஏறத்தாழ 19 கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்தது. அந்த வேகத்தில் ஒரு கிலோ கல்லில் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 1,80,000 கிலோஜூல். கல்லைச் சூடாக்கி, உருக்கி, ஆவியாக்க இதில் ஒரு சிறு பங்கு போதும். ஆகவே 'விண்கல் ஆவியானது' என்ற கூற்று கணக்கில் தேறுகிறது. அதன் நிறையில் பெரும்பகுதி ஆவியாகவும் தூசியாகவும் போனது, மிகச் சிறிய பங்கே தரையை எட்டியது. செபார்குல் ஏரியில் இருந்து எடுத்த பெரிய துண்டின் எடை 600 கிலோவுக்கு மேல் என்றாலும், உள்ளே நுழைந்தது பத்தாயிரம் டன்னுக்கும் அதிகம்.

ஹிரோஷிமாவின் நிழல்கள்

இந்தச் சொல் மிகவும் தவறாகப் புழங்கும் இடம் இது. ஹிரோஷிமாவில் ஒரு வங்கியின் கற்படியில் மனித நிழல் ஒன்று பதிந்திருந்தது. அந்தப் படி இப்போது அங்குள்ள அமைதி நினைவு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 'அங்கே உட்கார்ந்திருந்தவர் ஒரு நொடியில் ஆவியாகிவிட்டார், நிழல் மட்டும் மிஞ்சியது' என்று திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

1. 60 கிலோ எடையுள்ள ஒருவர் உடலில் ஏறத்தாழ 36 கிலோ தண்ணீர். அதை 37 டிகிரியில் இருந்து 100க்குக் கொண்டுபோய் ஆவியாக்க, கிலோவுக்குச் சுமார் 2,520 கிலோஜூல் வேண்டும். மொத்தம் 90,000 கிலோஜூலுக்கு மேல். எலும்பையும் தசையையும் இன்னும் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

2. குண்டு வெடித்த புள்ளிக்கு நேர் கீழே வந்து விழுந்த வெப்பக் கதிர், ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 100 கலோரி. ஒரு சதுர மீட்டருக்கு அது 4,200 கிலோஜூல் அளவு.

3. கதிரை எதிர்கொள்ளும் உடலின் பரப்பு ஒரு சதுர மீட்டருக்கும் குறைவு. ஆகவே உடலில் விழுந்திருக்கக்கூடிய வெப்பம், தண்ணீரை மட்டும் ஆவியாக்கத் தேவைப்படுவதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

அந்த வெப்பம் தோலைக் கருக்கியது. மேற்பரப்பைத் தாக்கி உயிரைப் பறிக்க அது தாராளமாகப் போதும். நிழல் உருவானதற்குக் காரணம் வேறு. சுற்றியிருந்த கல்லின் நிறத்தை அந்த ஒளி வெளிறச் செய்தது. உடல் மறைத்த இடம் மட்டும் வெளிறாமல் தன் பழைய நிறத்தோடு நின்றது.

இதைத் திருத்திச் சொல்வது வெறும் இயற்பியல் நுணுக்கத்துக்காக அல்ல. 'ஆவியானார்கள்' என்றால் வலி இல்லை, உடல் இல்லை, தேடி அலைந்த உறவினர் இல்லை என்பது போல ஆகிவிடுகிறது. பல்லாயிரம் பேர் தீக்காயத்தோடும் இடிபாட்டுக்குள்ளும், அப்புறம் கதிர்வீச்சு நோயிலும் இறந்தார்கள். அதே 1945 இல், ஜூலை 16 அன்று, அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் நடந்த முதல் அணுகுண்டுச் சோதனையில் குண்டைத் தாங்கிய 30 மீட்டர் எஃகுக் கோபுரம் பெரும்பாலும் ஆவியானது உண்மை. அது தீக்கோளத்தின் உள்ளேயே இருந்தது. ஹிரோஷிமாவில் குண்டு வெடித்தது தரையில் இருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில். தீக்கோளம் தரையைத் தொடவில்லை.

ஆவியாக முடியாதபோது

வெப்ப அலைச் செய்திகளில் 'ஈரக்குமிழ் வெப்பநிலை' என்ற சொல் இப்போது அடிக்கடி வருகிறது. அதையும் இதே கணக்கில் புரிந்துகொள்ளலாம்.

சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 35 டிகிரி. சுற்றியுள்ள காற்றும் 35ஐத் தொட்டுவிட்டால், வெப்பம் தானாக வெளியே போக வழியில்லை. மிஞ்சுவது வியர்வை மட்டுமே. தோல் வெப்பத்தில் ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகச் சுமார் 2,400 கிலோஜூல் எடுத்துக்கொள்ளும். ஆகவே மணிக்கு 150 மில்லிலிட்டர் ஆவியானால் அந்த 100 வாட்டும் கழிந்துவிடும். கவனிக்க வேண்டியது 'ஆவியானால்' என்பதை. சொட்டி விழும் வியர்வை எதையும் குளிர்விக்காது.

வியர்வை ஆவியாக, தோலின் மேல் இருக்கும் ஆவி அழுத்தம் காற்றில் இருப்பதைவிட அதிகமாக இருக்க வேண்டும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் போகும் மூலக்கூறுகளுக்குச் சமமாகத் திரும்பியும் வரும். இதை அளக்க வெப்பமானியின் குமிழை ஈரத்துணியால் சுற்றிக் காற்றோட்டத்தில் வைக்கிறார்கள். ஈரம் ஆவியாகி எவ்வளவு தூரம் குளிர முடியுமோ அதுவரை அளவு இறங்கும். அதுவே ஈரக்குமிழ் வெப்பநிலை. 40 டிகிரியில் 72 சதவீத ஈரப்பதம் இருந்தாலும், 45 டிகிரியில் 52 சதவீதம் இருந்தாலும் அது 35 டிகிரியாக நிற்கும்.

2010 இல் காலநிலை ஆய்வாளர்கள் ஸ்டீவன் ஷெர்வுட், மேத்யூ ஹூபர் இருவரும் அந்த 35 டிகிரியை மனித உடலின் எல்லையாக முன்வைத்தார்கள். அதற்கு மேல் நிழலில், காற்றாடியின் கீழ், தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தாலும் உடல் வெப்பம் ஏறிக்கொண்டே போகும், சில மணி நேரத்தில் உயிர் போகலாம். 2022 இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை வைத்து நடந்த சோதனையில், ஈரமான சூழலில் உடல் சுமார் 31 டிகிரி ஈரக்குமிழ் வெப்பநிலையிலேயே சமாளிக்க முடியாமல் திணறத் தொடங்கியது. இளைஞர்களுக்கே இப்படி என்றால், வியர்வைச் சுரப்பு குறைந்த முதியவர்களுக்கு எல்லை இன்னும் கீழே இருக்கும். அதனால் வெப்ப எச்சரிக்கையைப் படிக்கும்போது டிகிரியை மட்டும் பார்த்து, 'போன வாரம் இதைவிட அதிகம் இருந்ததே' என்று வெளியே கிளம்பிவிடக் கூடாது. ஈரப்பதத்தையும் பாருங்கள். 38 டிகிரி ஈரக் காற்று, 43 டிகிரி வறண்ட காற்றைவிட உடலுக்கு ஆபத்தாக இருக்கலாம்.